மறுப்பதற்கு ஒரு வாரம்

ஆகஸ்ட் 4, திங்கள்

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் பெண் ஒரு நோட்டுப் போடச் சொன்னாள். இவர் ஒரு நாளில் என்னென்ன சொல் சொல்கிறார், எதற்குச் சொல்கிறார் என்று எழுதிவைத்தால் அவளுக்கு உதவுமாம். அதற்காகத்தான் இது.

இன்று சொன்னது: "நாளைக்கு."

காபி வேண்டுமா என்றால் நாளைக்கு. ஜன்னலைச் சாத்தவா என்றால் நாளைக்கு. மகள் பொருநை புனேயிலிருந்து வீடியோவில் வந்து "அப்பா, நல்லாருக்கியா?" என்று கேட்டதற்கும் நாளைக்கு. பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஒரே சொல் நாக்கில் தங்கிவிடும் என்கிறாள் அந்தப் பெண். நாம் சொல்வது புரியும். எழுதியிருப்பதை மெதுவாகப் படிக்கவும் முடியும். திருப்பிச் சொல்ல வராது. வலக்கையும் வலக்காலும் இன்னும் எழவில்லை.

வீட்டில் பேச்சு நின்றது இந்த ஜூனில்தான் என்று பார்க்க வருகிறவர்கள் நினைக்கிறார்கள்.

வாஷிங் மெஷின் குழாய் ஒழுகுகிறது. ஆள் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்து கொடுத்து முடித்து, அரை நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தேன். வாசலில் மசூது நின்றிருந்தான். மேலப்பாளையத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறான். இவரோடு சேர்ந்து 'மறுதுளி' வேலையைப் பார்க்கிறவன்.

மறுதுளி இவர் ஆரம்பித்தது. அபூர்வமான ரத்த வகை உள்ளவர்களைத் தேடிப் பிடித்து வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிகள் கேட்கும்போது சேர்த்துவைப்பது. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துவிட்டு வந்தால் மிச்ச நேரமெல்லாம் இவருக்கு அதுதான். ஞாயிற்றுக்கிழமைகள், பொருநையின் பள்ளி ஆண்டு விழா, என் தம்பி தாலி கட்டிய முகூர்த்த நேரம், எல்லாம் அதற்குப் போயிருக்கின்றன. குறையாகச் சொல்லவில்லை. நல்ல காரியம்தான்.

"அண்ணாச்சி எப்படி இருக்கிய?" என்று கட்டிலருகே குனிந்தான் மசூது.

"நாளைக்கு."

"சரி அண்ணாச்சி, நாளைக்கே பாப்போம்" என்று இவர் இடக்கையைப் பிடித்து ஆட்டினான். கூடத்துக்கு வந்த பிறகுதான் முகம் மாறியது.

"மதினி, கொடையாளர் நம்பர் ஒண்ணுகூட என்கிட்ட இல்ல."

"நீயும்தானே கூட இருந்த?"

"முன்ன எல்லாம் ஒரு எக்செல் ஷீட்ல இருந்துச்சு. அது எப்படியோ வெளிய போயி, ஒரு புள்ளை வீட்டு வாசல்ல அஞ்சாறு பேரு வந்து நின்னு ரத்தம் கொடுன்னு ஒரே ரகளை. அதுல இருந்து அண்ணாச்சி எல்லாத்தையும் பாஸ்வேர்டு மேனேஜருக்குள்ள கொண்டு போயிட்டாவ. வேணுங்கிற ஒரு நம்பரை மட்டும் எடுத்துச் சொல்லுவாவ. வேலை முடிஞ்சதும் நான் அழிச்சிரணும்."

பாஸ்வேர்டு மேனேஜர் என்றால் எல்லாக் கடவுச்சொற்களையும் ரகசியக் குறிப்புகளையும் ஒரே பெட்டகத்தில் வைத்துப் பூட்டுவது என்று விளக்கினான். எனக்கும் கொஞ்சம் தெரியும். சுகாதார நிலையத்து மருந்து இணையதளத்தின் கடவுச்சொல்லை நான் மறந்துபோகும்போதெல்லாம் இவர் அதிலிருந்துதான் எடுத்துச் சொல்வார்.

"அதை எப்படித் திறக்க?"

"அதுக்குன்னு ஒரே ஒரு பாஸ்வேர்டு. அது அண்ணாச்சி மண்டையில மட்டுந்தான் இருக்கு."

இரண்டு பேரும் உள்ளறையைப் பார்த்தோம்.

இன்றைய சொல்: நாளைக்கு.

ஆகஸ்ட் 9, சனி

இன்று முழுவதும் அந்தப் பெட்டகத்தோடு போயிற்று.

முதலில் இவருடைய போன். திரைப் பூட்டு பொருநை பிறந்த ஆண்டு, அது எனக்குத் தெரியும். உள்ளே மேனேஜரைத் திறந்தால் விரல் ரேகை கேட்டது. இவர் டிவியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். உடற்பயிற்சிக்குத் தூக்குவதுபோல வலக்கையைத் தூக்கிக் கட்டைவிரலை போனில் வைத்தேன். 'நீண்ட நாட்களாகத் திறக்கப்படவில்லை, முதன்மைக் கடவுச்சொல்லைத் தட்டவும்' என்று வந்தது. கையைப் பழைய இடத்தில் வைத்தேன். டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொருநை போனில் சொன்னாள்: "ம்மா, அந்தக் கம்பெனிக்காரங்களுக்கே அப்பாவோட பாஸ்வேர்டு தெரியாது. மறந்துட்டோம்னு சொன்னா, புதுசா ஒண்ணு தொடங்கிக்கோங்கன்னுதான் சொல்லுவாங்க. பழசு அப்படியே போயிடும். அப்பா மாசாமாசம் பேக்கப் எடுப்பாரே, அதைத் தேடு."

பீரோவில் சான்றிதழ்களோடு ஒரு பென்டிரைவ் இருந்தது. மசூது கடையிலிருந்து லேப்டாப் கொண்டுவந்து செருகிப் பார்த்தான்.

"பேக்கப் பத்திரமா இருக்கு மதினி. மே மாசம் எடுத்தது. ஆனா இதுக்கும் அதே பூட்டுதான்."

"பிறகு எதுக்கு எடுத்து வைக்க?"

"தொலைஞ்சு போகாம இருக்க."

"இப்ப மட்டும் என்ன தொலைஞ்சா போச்சு?"

மசூது பென்டிரைவை மூடி போட்டு என் கையில் கொடுத்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கேஸ் வந்தது. துணி காயவில்லை. நாளைக்கு, நாளைக்கு.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பொருநைக்கு ஒன்று ஞாபகம் வந்திருக்கிறது. அந்த மேனேஜரில் 'அவசரத் தொடர்பு' என்று ஒருவரைப் போட்டுவைக்கலாமாம். உரியவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த ஆள் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். உரியவர் மறுக்க ஒரு வாரம் அவகாசம். மறுக்கவில்லை என்றால் பெட்டகம் தானாகத் திறந்து கொடுக்கும்.

"அப்பா யாரைப் போட்டிருக்கார்னு தெரியுமா?" என்றாள்.

என் மெயிலில் தேடச் சொன்னாள். இருந்தது. இரண்டு வருடத்துக்கு முந்தைய அழைப்பு. அதில் ஒரு பட்டன் இருக்கும், அமுக்கு என்று இவர் சமையலறை வாசலில் நின்று சொன்னதும், ஈரக் கையோடு நான் அமுக்கியதும் மங்கலாக ஞாபகம் வந்தது. எதற்கு என்று அன்று நான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

நேரம் எதற்குக் கடத்த வேண்டும்? கூடத்தில் உட்கார்ந்து விண்ணப்பித்துவிட்டேன். ஒரு வாரம்தானே. இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வீணாகக் குழம்புவார். சொல்லித்தான் என்ன பதில் வரப்போகிறது.

பூசணிக்காய்க் கூட்டு வைத்தேன். நன்றாகச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

பணி மாறுதல் ஆணை வந்துவிட்டது. செங்கோட்டைப் பக்கம், குடியிருப்போடு. ஏப்ரலில் நான் கேட்டதுதான். எதற்குக் கேட்டேன் என்பதற்கும் இந்த நோட்டுக்கும் சம்பந்தமில்லை.

ஆணையை மருந்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது என் போனுக்கு ஒரு மெயில். 'உங்கள் விண்ணப்பம் உரியவரால் மறுக்கப்பட்டது.'

அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போனேன். படம் பார்த்துப் பெயர் சொல்லும் பயிற்சிக்காக டேப்லெட்டைக் கட்டிலருகே வைத்திருக்கிறோம். இவருடைய மெயிலும் அதில் வரும் என்பது எனக்கு உறைக்கவில்லை. டேப்லெட் மடியில் இருந்தது.

"நீங்களா அமுக்கினிய?"

ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"கை தவறிப் பட்டுட்டா?"

என்னை நேராகப் பார்த்தார். உதடு இரண்டு மூன்று தடவை கூடிக் கூடிப் பிரிந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"இல்ல."

இன்றைய புதிய சொல்: இல்ல.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஐந்து நாளாக எழுதவில்லை. பயிற்சிப் பெண் நோட்டைக் கேட்டாள். "இல்ல" என்ற சொல்லைப் பார்த்துக் கை தட்டினாள். இடத்துக்குப் பொருத்தமாகச் சொல்லியிருக்கிறாரே, பெரிய முன்னேற்றம் என்றாள். ஆமாம் என்றேன்.

நான் கோபமாக இல்லை. குளிப்பாட்டுகிறேன், மாத்திரை கொடுக்கிறேன், சுவரைப் பிடித்து நாலெட்டு நடக்கவைக்கிறேன். பேசுவதற்கு ஒன்றுமில்லாததால் பேசவில்லை. அது இந்த வீட்டுக்குப் புதிதும் இல்லை.

சாயங்காலம் பிரமு மதினி வந்தார்கள். இவருக்கு அக்கா, பெருமாள்புரத்தில் இருக்கிறார்கள். விஷயத்தைக் கேட்டதும் கூடத்திலேயே சத்தமாகத் தொடங்கிவிட்டார்கள்.

"ஏ வடிவு, அவன்கிட்ட என்னத்த அனுமதி கேக்க? அவனுக்கு இப்ப என்ன வெளங்குது? பச்சைப் புள்ளைக்குக் கேட்டுக்கிட்டா மருந்து ஊத்துவாக? அந்த டேப்லெட்டை எடுத்து உள்ள வச்சிட்டு, மறுபடி விண்ணப்பம் போடு. ஒரு வாரத்துல தொறந்துட்டுப் போகுது."

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. டேப்லெட்டை எடுத்துவிட்டால் மறுக்க வழியில்லை.

"வெளங்குது மதினி" என்றேன். "எல்லாம் வெளங்குது. அதான் பிரச்சினையே."

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மதினி போன பிறகு டேப்லெட்டில் சார்ஜ் குறைந்திருப்பதைப் பார்த்து, சார்ஜரைச் செருகி அவர் கைக்கு எட்டுகிற இடத்திலேயே வைத்தேன். சார்ஜ் இல்லாமல் பயிற்சி எப்படி நடக்கும்?

ஆகஸ்ட் 25, திங்கள்

பெரியாஸ்பத்திரி ரத்த வங்கியிலிருந்து டாக்டர் கெஜலெட்சுமி என்பவர் காலையில் இவர் போனுக்குக் கூப்பிட்டார். நான் எடுத்தேன்.

ஆலங்குளத்துப் பக்கத்துப் பெண், பேச்சித்தாய் என்று பெயர். தலைப்பிரசவம். நஞ்சுக்கொடி கீழே இறங்கி ஒட்டியிருப்பதால் அறுவைச் சிகிச்சைதான் செய்ய வேண்டும். ரத்தப்போக்கு நிச்சயம் இருக்கும். அவளுக்கு பாம்பே குரூப். சாதாரணப் பரிசோதனையில் ஓ வகை மாதிரித் தெரியும். நம்பி ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிர் போய்விடும். அதே வகைக்காரரின் ரத்தம் மட்டும்தான் சேரும்.

"குற்றாலிங்கம் சார்கிட்ட நாலஞ்சு பேராவது இருப்பாங்களேம்மா? எங்களுக்குத் தெரிஞ்ச சென்னைக்காரர் போன மாசம்தான் கொடுத்திருக்கார், அவரால இப்ப முடியாது. வியாழக்கிழமைக்கு மேல எங்களால தள்ளிப்போட முடியாது."

போனை வைத்துவிட்டு இவரிடம் போனேன். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தேன். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு, அடுத்து என்ன சொல்வது என்று தெரியாமல், "என்ன செய்யலாம்?" என்று கேட்டேன்.

இந்தக் கேள்வியை இவரிடம் கேட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

இவர் இடக்கையை நீட்டி மேஜையைக் காட்டினார். லேப்டாப். தலையணை வைத்துச் சாய்த்து உட்காரவைத்து, மடியில் பலகை போட்டு, லேப்டாப்பை வைத்தேன். பெட்டகத்தின் கதவு திரையில் வந்தது. இடக்கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினார். தவறு. மறுபடி தட்டினார். தவறு. நெற்றியில் வியர்வை. நான் துடைக்கப் போனேன், தட்டிவிட்டார். கடைசியில் 'பலமுறை தவறான முயற்சி, சில மணி நேரம் கழித்து முயலவும்' என்று வந்தது.

லேப்டாப் மூடியை அறைந்து சாத்தினார். பிறகு அழுதார். நோய் வந்த பிறகு அவர் அழுது நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

நான் காபி போடப் போனேன். பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

விவரமாக எழுத வேண்டும்.

லீவு சொல்லிவிட்டேன். மசூது விடிந்ததும் வந்துவிட்டான். பழைய போன்களையெல்லாம் துழாவிப் பார்த்தும் அவனுக்கு ஒரு நம்பரும் கிடைக்கவில்லை. அழித்துவிடச் சொன்னதை உண்மையாகவே அழித்திருக்கிறான்.

"இன்னொரு தடவை முயற்சி பண்ணுவமா?" என்று இவரிடம் கேட்டேன். தலையசைத்தார்.

இந்த முறை பெட்டகத்தின் கதவுக்குப் போகவில்லை. வெற்றுப் பக்கம் ஒன்றைத் திறந்துவைத்தேன். தவறினாலும் யாரும் பூட்டமாட்டார்கள். "யோசிக்காம தட்டுங்க. கிளாஸ்ல பசங்க பாக்கும்போது வேகமா அடிப்பியள்லா, அதே மாதிரி."

இடக்கையை விசைப்பலகையில் வைத்தார். நேற்று ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டினார். இன்று விரல்கள் தாமாக அவையவை இருக்க வேண்டிய எழுத்தின் மேல் போய் உட்கார்ந்தன. தட்டினார். நின்றார். தட்டினார். நின்றார். நிற்கும்போதெல்லாம் வலது தோள் மட்டும் லேசாகத் துடித்தது.

அந்தத் தோளைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. நானும் ஜங்ஷன் தட்டச்சு நிலையத்தில் லோயர் பாஸ் செய்தவள். இரண்டு கையாலும் பழகிய ஆள் எழுத்தை மனதில் வைத்திருப்பதில்லை, விரலில்தான் வைத்திருப்பான். இவருடைய இடக்கை தன் பங்கைச் சரியாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. நின்ற இடமெல்லாம் வலக்கையின் எழுத்துகள்.

நாற்காலியை அவருடைய வலப்பக்கம் ஒட்டிப் போட்டேன். என் வலக்கையை விசைப்பலகையின் அந்தப் பாதியில் வைத்தேன். மசூதை வாசலில் போய் நிற்கச் சொன்னேன். கேள்வி கேட்காமல் போனான்.

முதல் சொல்லில் இடக்கை எழுத்துகளை மட்டும் பார்த்தபோது ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் தடவை, அவர் நின்ற இடங்களில் நானும் எண்ணிக்கொண்டே வாய்க்குள் கூட்டிப் பார்த்தேன். ஓர் ஊரின் பெயர் வந்தது. ரயில் நிற்கிற ஊர். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

"அதுவா?"

இவரும் சிரித்தார். ஒரு பக்கம் மட்டும் ஏறிய சிரிப்பு.

அதன்பின் வரும் இரண்டு சொற்களுக்கு எனக்கு எழுத்தே தேவைப்படவில்லை. கல்யாணமான புதிதில் அந்த ஸ்டேஷனில் நடந்த ஒன்று. நாங்கள் இரண்டு பேர் தவிர அது யாருக்கும் தெரியாது, அதை இங்கே எழுதுவதாகவும் இல்லை. கடவுச்சொல் என்பதால் மட்டுமல்ல.

தினம் ஐந்து தடவை, பத்து தடவை இவர் அதைத்தான் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். பக்கத்து அறையில் நான் இருந்தபோதும்.

கதவுக்குப் போனோம். அவர் இடக்கை, என் வலக்கை. முதல் தடவை தவறிவிட்டது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடம் விடவில்லை. இரண்டாம் தடவை திறந்தது.

மசூதைக் கூப்பிட்டேன். 'மறுதுளி' என்ற பகுதியில் பாம்பே குரூப்புக்குக் கீழே ஐந்து பேர் இருந்தார்கள். இரண்டு பேர் வெளிநாட்டில். ஒருவருக்கு மணி அடித்துக்கொண்டே இருந்தது. கோவில்பட்டியில் பள்ளி வேன் ஓட்டுகிறவர் உடனே எடுத்தார். "குற்றாலிங்கம் சார் நம்பராச்சேன்னு வண்டியை ஓரமா நிப்பாட்டிட்டேன். எப்ப வரணும்?" என்றார். மசூது பேசி முடித்தான்.

டாக்டர் கேட்டது இரண்டு பை. ஐந்தாவது ஒரு பெண், சங்கரன்கோவில் பக்கம். நான் எண்ணைப் பார்த்து அழைக்கப் போனேன். இவர் இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். நல்ல பிடி.

"இல்ல. இல்ல."

"என்னங்க? உயிர் விஷயம்."

"இல்ல" என்று திரையைக் காட்டினார். எண்ணுக்குக் கீழே குறிப்பு இருந்தது. அதை நான் கவனித்திருக்கவில்லை. 'அழைக்கக் கூடாது. மாமியார் வீட்டில் தெரியாது. தையல் வகுப்பு எப்போது என்று குறுஞ்செய்தி மட்டும். பதில் வராவிட்டால் விட்டுவிடவும்.'

நான் அவசரமாக அடித்திருந்தால் அந்தப் போனை யார் எடுத்திருப்பார்களோ.

"இந்தப் புள்ளை வாசல்லதான் மதினி அன்னைக்கு அந்த அஞ்சாறு பேரு வந்து நின்னது. அப்ப கல்யாணம் ஆகல" என்றான் மசூது மெதுவாக.

தையல் வகுப்பு எப்போது என்று தட்டி அனுப்பினேன். சாயங்காலம் வரை பதில் இல்லை. விளக்கேற்றும் நேரத்தில் வந்தது: 'நாளை காலை. வருகிறேன்.'

இவரிடம் காட்டினேன். கண்ணை மூடித் திறந்தார்.

அன்றைக்கு ஏன் மறுத்தீர்கள் என்று கேட்கலாம் என்று இருந்தேன். கேட்கவில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்யவில்லை. பிரமு மதினி கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் திரும்பும்வரை தம்பிக்குத் துணையாக இருந்தார்கள்.

ரத்த வங்கிக்கு நானும் மசூதும் போனோம். வேன்காரர் எங்களுக்கு முன்பே வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பத்து மணிக்கு மேல் வந்தாள். சின்னப் பெண்தான். கையில் அர்ச்சனைத் தட்டுப் பை. கோயிலுக்கென்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அவள் பெயர் எனக்கு இப்போது தெரியும், எழுதமாட்டேன்.

படுத்து ரத்தம் கொடுத்துக்கொண்டே கேட்டாள்: "சார் வரலியா? நான் ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. குரல் மட்டுந்தான் தெரியும். 'பயப்படாதம்மா, உன் பேரு என்னைத் தாண்டிப் போகாது'ன்னு சொன்னாங்க. அந்த ரகளைக்குப் பிறகும், அந்தக் குரலை நம்பித்தான் புது நம்பரைக் கொடுத்தேன்."

மசூது சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உடம்பு சரியில்ல. தேறிட்டு இருக்காங்க" என்றேன். "நான் அவங்க வீட்டுக்காரி."

"அப்ப உங்களுக்கும் என் பேரு தெரியும்."

"தெரியும்."

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "சரிக்கா" என்றாள்.

பஸ் ஏற்றிவிடும்போது பூக்கடையில் கொஞ்சம் பூவும் ஒரு தேங்காயும் வாங்கிப் பையில் வைத்தேன். கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவள் வெறும் தட்டோடு போகக் கூடாது.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆண் குழந்தை. தாய்க்கு இரண்டு பையும் ஏற்றினார்களாம். மாலையில் கண் விழித்துக் கஞ்சி கேட்டிருக்கிறாள். டாக்டர் கெஜலெட்சுமி கூப்பிட்டுச் சொன்னார். ஸ்பீக்கரில் போட்டு இவர் காதருகே பிடித்தேன்.

செப்டம்பர் 1, திங்கள்

செங்கோட்டை ஆணையை ரத்துச் செய்யச் சொல்லி மனு கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் கணவரின் உடல்நிலை என்று எழுதினேன். அதிகாரி "ஏப்ரல்லயே உடம்பு சரியில்லாம இருந்தாங்களா?" என்று கேட்டார். இல்லை, ஏப்ரலில் வேறு காரணம் என்றேன். மனுவில் முத்திரை குத்தினார்.

செப்டம்பர் 6, சனி

பொருநை ஒரு வார விடுமுறையில் வந்திருக்கிறாள். வந்ததும் அப்பாவைக் கட்டிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதுவிட்டு, மசூதையும் வரவழைத்து வேலையைத் தொடங்கினாள்.

முதலில் புதிய பேக்கப். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். "பேக்கப் எடுத்தா போதாதும்மா, அதுல இருந்து திரும்ப எடுத்துப் பாத்தாத்தான் அது பேக்கப்" என்றாள். மசூது கடையிலிருந்து ஒன்றுமே இல்லாத பழைய லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்தான். பென்டிரைவைச் செருகி, நானும் இவரும் பக்கத்துக்கு ஒரு கையாகத் தட்டினோம். பெட்டகம் அந்தப் புதிய இடத்திலும் ஒன்று குறையாமல் விரிந்தது. மேலிருந்து கீழ்வரை இவர் நிதானமாகப் பார்த்தார்.

பார்த்துக்கொண்டே வரும்போது 'வடிவு' என்று ஒரு பகுதி கண்ணில் பட்டது. திறந்தேன். மருந்து இணையதளம், ரயில் டிக்கெட், என் பென்ஷன் கணக்கு, நான் மறந்து மறந்து புதிதாகப் போட்ட கடவுச்சொற்கள். ஒவ்வொன்றிலும் பழையது, அதற்கும் பழையது. ஒன்றில், 'அவளிடம் கேட்டால் கோபப்படுவாள், முதலில் இதைப் போட்டுப் பார்' என்று குறிப்பு. தனக்குத் தானே எழுதிவைத்துக்கொண்டது.

பொருநை சத்தமாகச் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பெட்டகத்தை மீட்பதற்கான குறியீட்டைத் தாளில் அச்சிட்டு இரண்டு உறையில் போட்டு ஒட்டினோம். ஒன்று வங்கி லாக்கருக்கு, ஒன்று பிரமு மதினியிடம். பென்டிரைவிலும் இரண்டு பிரதி. ஒன்று இந்த வீட்டில் இருக்காது. அவசரத் தொடர்பில் என்னோடு பொருநையையும் சேர்த்தோம். மறுக்க எத்தனை நாள் அவகாசம் என்று திரை கேட்டது. பொருநை ஒரே நாள் என்று வைக்கப் போனாள். இவர் விரலால் தடுத்து, ஒரு வாரம் என்பதைக் காட்டினார்.

"ப்பா, இன்னொண்ணு. அம்மாவுக்கு உன் மெயின் பாஸ்வேர்டு தெரிஞ்சு போச்சு. மாத்திரு, அதான் பாதுகாப்பு" என்றாள், வேண்டுமென்றே முகத்தைக் கண்டிப்பாக வைத்துக்கொண்டு.

"இல்ல" என்றார் இவர். கொஞ்சமும் திக்கவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்

புதிய சொற்கள்: வேணும். தண்ணி. போ (மசூதிடம், சிரித்துக்கொண்டே).

செப்டம்பர் 20, சனி

பொருநை புனேக்குத் திரும்பிவிட்டாள். அவள் அறையில் அடுக்கியிருந்த என் துணிகளை எடுத்து உள்ளறை அலமாரிக்கு மாற்றினேன். இரவில் இவருக்கு ஏதாவது தேவை என்றால் அங்கிருந்து கேட்பதில்லை.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆஸ்பத்திரி அழைப்பு. ஒரு பெரியவருக்கு அடுத்த வாரம் இடுப்பில் அறுவை. அவருக்கும் அபூர்வ வகைதான், வேறொன்று. அவசரமில்லை, சாயங்காலத்துக்குள் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொன்னால் போதும் என்றார்கள்.

பார்த்துச் சொல்கிறேன் என்று லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். இவர் நல்ல தூக்கத்தில் இருந்தார். காலையில் வாசல்வரை கோலூன்றி நடந்த களைப்பு. வாய் லேசாகத் திறந்திருந்தது.

பெட்டகத்தின் கதவைத் திறந்துவைத்தேன். அந்த மூன்று சொற்கள் எனக்கு இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். என் இரண்டு கையாலேயே அடித்துவிடலாம். ஒரு நிமிட வேலை.

மூடியைச் சாத்தினேன். மொட்டைமாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்துவந்தேன். கட்டிலருகே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மடித்துக்கொண்டிருக்கிறேன், நடுநடுவே இதை எழுதிக்கொண்டு.

எழுந்ததும் முதலில் காபி. பிறகு கேட்டுக்கொள்ளலாம்.